கண்டவர் கடமை

விமர்சனம் என்றால் இன்று பலருக்கும் நினைவில் வருவது மதிப்பெண் பட்டியல்தான். ஐந்து நட்சத்திரத்திற்கு எத்தனை, பணம் கொடுத்துப் பார்க்கலாமா, குடும்பத்தோடு பார்க்கலாமா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். ஊரெங்கும் ஓடுகிற படத்திற்கு அது போதும். ஆனால் உலகத் திரைப்பட விழாக்களில் மட்டும் ஓரிரு முறை காட்டப்பெற்று, நம் ஊர்த் திரையரங்குகளை எட்டிப் பாராமலே போய்விடுகிற படங்களைப் பற்றி எழுதுகிறவர் என்ன செய்வது? வாசகர் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே எழுதப்படும் விமர்சனத்திற்குப் பொருள் என்ன?

இக்கேள்வியை நம்மிடம் கேட்டவர் நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர். ஞாயிறு திருப்பலி முடிந்து, ஆலய முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, "ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு ஈரான் படத்தையும் ஜப்பான் படத்தையும் பற்றி எழுதுகிறீர்களே, இதனால் யாருக்கு என்ன பயன்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. ஆயுள் முழுவதும் காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். எதற்கும் வரவும் செலவும் பார்ப்பவர். அவருக்குச் சொல்லத் தக்க விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நம் சேர்வராயன் மலையில் ஆண்டிறுதி என்பது காப்பிப் பழம் பறிக்கும் காலம். சென்னையில் 2003 முதல் நடந்துவரும் சர்வதேசத் திரைப்பட விழாவும் பெரும்பாலும் டிசம்பரில்தான் வருகிறது. திருச்சபையின் நாட்காட்டியிலோ அது திருவருகைக்காலம். விழித்திருந்து காத்திருக்கச் சொல்லும் காலம். கையில் ஒரு பையுடன் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்தில் இறங்கி இரயிலேறுவது சில ஆண்டுகளாக நம் வழக்கம். இருட்டறையில் நாளொன்றுக்கு நான்கு படங்கள் பார்த்துவிட்டு மலையேறி வரும்போது, தெரிந்தவர்கள் நம்மைச் சற்று இரக்கத்தோடு பார்ப்பதும் உண்டு.

ஆயினும் திரைப்படம் இம்மலைக்கு அந்நியமானதன்று. ஏற்காட்டிற்கு வரும் பலரும் சேலத்தின் எல்லையில் ஒரு பழைய அலங்கார வளைவைக் கடந்துதான் வருகிறார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெரும் படப்பிடிப்பு நிறுவனத்தில் எஞ்சி நிற்பது அந்த வாயில் ஒன்றே. இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் அதை நிறுவினார். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் இந்நிறுவனத்தின் தயாரிப்பாகவே வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் இங்கிருந்தே வந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இந்த மலையடிவாரத்தில் இருந்துகொண்டு, தமிழ் பேசத் தெரியாமலே, 1950-இல் 'மந்திரி குமாரி'யை இயக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவான இடத்தில் இன்று வளைவு மட்டும் நிற்கிறது. உலகம் சேலத்திற்கு வந்து படம் எடுத்த காலம் ஒன்று இருந்தது என்றால், சேலத்து மலையிலிருந்து உலகப் படத்தைப் பார்ப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

திருச்சபைக்கும் இது புதிதன்று. திரைப்படத்தைத் திருச்சபை ஐயத்தோடு மட்டுமே பார்த்தது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1936-இல் 'விஜிலாந்தி கூரா' என்ற சுற்றுமடலை எழுதியபோது, தீய படங்களிலிருந்து மக்களைக் காப்பதே அவருடைய முதற் கவலையாக இருந்தது என்பது உண்மையே. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1928-இல், ஓசிக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பன்னாட்டுக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு தோன்றிவிட்டது. 12-ஆம் பத்திநாதர் 1957-இல் எழுதிய 'மிராந்தா ப்ரோர்சுஸ்' மடல், திரைப்படத்தையும் வானொலியையும் தொலைக்காட்சியையும் இறைவனின் கொடைகளாக ஏற்றுப் பேசியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஓசிக் அமைப்பு உலகத் திரைப்பட விழாக்களில் தன் நடுவர் குழுக்களை அமர்த்திப் பரிசுகள் வழங்கத் தொடங்கியது. 2001-இல் அது வானொலி, தொலைக்காட்சிக்கான 'உண்டா' அமைப்புடன் இணைந்து 'சிக்னிஸ்' ஆயிற்று.

அந்த நடுவர்கள் பாதுகாப்பான பாதையில் மட்டும் நடக்கவில்லை. 1964-இல் வெனிஸ் விழாவில் அவர்கள் பரிசளித்த படம் 'மத்தேயு எழுதிய நற்செய்தி'. இயக்கியவர் பியேர் பாவ்லோ பசோலினி. பொதுவுடைமைக் கொள்கையர், இறைநம்பிக்கை அற்றவர் என்று அறியப்பட்டவர். தொழில்முறை நடிகர்களை விடுத்துச் சாதாரண மக்களையும் தம் சொந்தத் தாயையும் நடிக்கவைத்து, திருத்தந்தை 23-ஆம் யோவானின் நினைவுக்கு அப்படத்தைக் காணிக்கையாக்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1968-இல், அதே பசோலினியின் 'தியோரமா' படத்திற்கு ஓசிக் குழு பரிசளித்தபோது வத்திக்கானிலிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரே கலைஞர், ஒரே நடுவர் மரபு. ஒருமுறை பாராட்டு, மறுமுறை கண்டனம். நம்பிக்கையோடு திரையைப் பார்ப்பவர்க்கு ஆயத்தமான அளவுகோல் எதுவும் கையில் கொடுக்கப்படுவதில்லை என்பதற்கு இவ்வரலாறே சான்று.

பின்னர் கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து அமரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு நடுவர் குழு 1973-இல் லொக்கார்னோவிலும், 1974-இல் கான் நகரிலும் தொடங்கியது. கான் விழாவின் போட்டிப் பிரிவில் உள்ள படங்களை எல்லாம் பார்த்து, அவற்றுள் ஒன்றை இக்குழு ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறது. அதன் பட்டியலை எடுத்துப் பார்ப்பவர்க்குச் சற்று வியப்பு ஏற்படும். 1981-இல் போலந்துத் தொழிலாளர் போராட்டத்தைச் சொன்ன வாய்தாவின் 'இரும்பு மனிதன்'. 1983-இலும் 1986-இலும் தார்க்கோவ்ஸ்கி. 2014-இல் ஆப்பிரிக்க முஸ்லிம் ஊர் ஒன்று தீவிரவாதிகளிடம் படும் துயரைச் சொன்ன 'திம்புக்டு'. 2018-இல் பெய்ரூட் சேரிச் சிறுவன் தன்னைப் பெற்றதற்காகவே பெற்றோர் மீது வழக்குத் தொடுக்கும் 'கப்பர்நாகும்'. 2021-இல் ஜப்பானியப் படம் 'டிரைவ் மை கார்'. 2024-இல் ஈரானிலிருந்து தப்பி வந்த முகம்மது ரசூலோஃபின் 'புனித அத்தி மரத்தின் விதை'. இவற்றுள் பெரும்பாலானவற்றில் சிலுவை அடையாளம்கூடத் தென்படாது. திரைப்படத்தின் நூற்றாண்டை ஒட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலிலும், சமயப் படங்களுக்கு நிகராக 'சைக்கிள் திருடர்கள்', 'மாடர்ன் டைம்ஸ்' போன்றவை இடம்பெற்றன. இந்திய இயக்குநர் எவருடைய படமும் அதில் இல்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். சத்யஜித் ரே மறைந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த நேரம் அது.

ஆகவே நம்பிக்கை உள்ளவர் ஒரு படத்தில் தேட வேண்டியது சமயச் சின்னங்களை அல்ல என்பது இவ்வளவில் விளங்கும். பிறகு எதைத் தேடுவது? நம் அனுபவத்தில் தெரிந்துகொண்ட சிலவற்றை இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது பொறுமை. விழாப் படங்களைப் பற்றி நம் மக்கள் சொல்லும் பொதுவான குறை, "ஒன்றுமே நடக்கவில்லையே" என்பது. காமிரா ஒருவரை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் உருளைக்கிழங்கு தோலுரிப்பார். இதில் என்ன கதை இருக்கிறது? மூடுபனி இறங்கும் நாள்களில் நம் ஏரிக்கரையில் நின்றவர்க்கு இதற்கு விடை தெரியும். முதலில் எதுவும் தெரிவதில்லை. அவசரப்படுபவர் திரும்பிப் போய்விடுவார். நிற்பவர்க்கு மட்டும் ஒரு மரத்தின் கோடு, பிறகு ஒரு படகு, பிறகு அதில் இருக்கும் மனிதர் என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். செபமாலை சொல்லிப் பழகிய நம் தாய்மாருக்கும் இது புதிதன்று. அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்போதுதான் மனம் மறைபொருளில் ஊன்றுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

2019-இல் ஒன்றிப்பு நடுவர் குழுவின் பரிசைப் பெற்ற 'மறைந்த வாழ்வு' என்ற படத்தை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தை இயக்கியவர் அமெரிக்கரான டெரன்ஸ் மாலிக். ஆஸ்திரியாவின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்ற விவசாயியின் வரலாறு அது. ஹிட்லருக்கு விசுவாச உறுதிமொழி சொல்ல அவருடைய மனச்சான்று இடம் தரவில்லை. ஊர் மறுத்துப் பேசியது. திருச்சபையின் பொறுப்பிலிருந்தவர்களும் குடும்பத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். 1943 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. 2007-இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியபோது, அவருடைய மனைவி பிரான்சிஸ்கா தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டியாக அவ்விழாவில் கலந்துகொண்டார்.

இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மாலிக் ஏன் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார்? புல் அறுப்பதையும், கிணற்றில் நீர் இறைப்பதையும், குழந்தைகள் மண்ணில் புரள்வதையும் அவர் திரும்பத் திரும்பக் காட்டுகிறார். மலைச்சரிவில் உழைப்பது எப்படியிருக்கும் என்பதை அறிந்த நம்மவர்கள் அக்காட்சிகளைப் பார்த்தால் ஆஸ்திரியா என்றே எண்ணமாட்டார்கள். கணவன் சிறையிலிருக்க, ஊரார் முகம் திருப்பிக்கொள்ள, அந்தப் பெண் நிலத்தோடு தனியே மல்லாடும்போதுதான் ஒரு மனிதரின் 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு யார் யார் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்பது நமக்கு உறைக்கிறது. படம் வேகமாக ஓடியிருந்தால் அவருடைய வீரத்தை மட்டும் பார்த்திருப்போம். மெதுவாக ஓடுவதால் மனைவியின் முதுகு வலியையும் பார்க்கிறோம்.

அப்படத்தில் ஆலயச் சுவரில் ஓவியம் தீட்டும் ஒருவர் வருகிறார். தம் ஓவியங்கள் கிறிஸ்துவை வியப்பவர்களை உண்டாக்குகின்றனவே தவிர, பின்பற்றுவோரை உண்டாக்குவதில்லை என்று அவர் மனம் நோகிறார். விமர்சனம் எழுதுகிறவர்களும் அந்த ஓவியரைச் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஒளிப்பதிவின் அழகையும் இசையின் நயத்தையும் எழுதி வியப்பை உண்டாக்குவது எளிது.

இரண்டாவது, நேர்மை. விழாக்களில் பரிசு பெறும் நம் நாட்டுப் படங்களைக் குறித்து நெடுங்காலமாக ஒரு குற்றச்சாட்டு உண்டு: வறுமையை வெளிநாட்டாருக்கு விற்கிறார்கள் என்பது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கீஸ் 1980-இல் சத்யஜித் ரே மீதே இக்குற்றத்தைச் சாட்டினார். நம் காலத்தில் பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவின் உயர்ந்த பரிசான புலி விருதைப் பெற்றபோதும் இதே பேச்சு எழுந்தது. மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில், குடிகாரத் தந்தை ஒருவர் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் பிறந்தகம் போன மனைவியைத் தேடிப் போகிறார். பின்பு இருவரும் கொளுத்தும் வெயிலில் நடந்தே திரும்புகிறார்கள். ஒன்றேகால் மணி நேரப் படம். வழியில் ஒரு குடும்பம் எலி பிடித்துச் சுட்டுத் தின்கிறது. "இதைப் போய் ஐரோப்பாவில் காட்ட வேண்டுமா?" என்று நம் நண்பர் ஒருவரே சினந்தார்.

நாம் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: படம் யாருடைய கண்ணால் அதைப் பார்க்கிறது? அருவருப்போடு பார்க்கிறதா, இரக்கத்தை யாசித்துப் பார்க்கிறதா, அல்லது உடன் அமர்ந்து பார்க்கிறதா? வினோத்ராஜின் தமக்கை கணவன் வீட்டாரால் துரத்தப்பட்டுக் கைக்குழந்தையோடு பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து தாய்வீடு வந்தவர். அந்த நடையே படத்தின் வித்து என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். தமக்கை நடந்த வழியில் கணவனை நடக்கவைத்துப் பார்த்திருக்கிறார் தம்பி. சிறுவன் தாகம் தெரியாமலிருக்க வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு நடக்கிறான். வீடு வந்ததும் அதைத் துப்பி, ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் கற்களோடு வைக்கிறான். எத்தனை முறை இந்த நடை நடந்திருக்கிறது என்பதை அந்தச் சிறு குவியல் சொல்லிவிடுகிறது. வறுமையை விற்பவர் அந்தக் குவியலைக் கண்டுபிடித்திருக்கமாட்டார்.

இவ்வாறு சொல்வதனால் விழாப் படங்கள் எல்லாம் நேர்மையானவை என்று ஆகிவிடாது. விழாக்களுக்கென்றே தைக்கப்பட்ட படங்களும் உண்டு. அழகிய துயரம், அழகிய மௌனம், அழகிய சேரி என்று அவற்றுக்கு ஓர் அச்சு இருக்கிறது. பார்க்கிறவரின் மனம் கசிகிறது. ஆனால் எவர்மீதும் எப்பொறுப்பும் விழுவதில்லை. இவ்வேறுபாட்டை அறிய நமக்குத் தெரிந்த வழி ஒன்றே. எவருடைய வாழ்வைப் படம் சொல்கிறதோ, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அதைப் பார்ப்பது. நாம் சொல்ல வந்த மூன்றாவது செய்தியும் அதுதான்.

2023-இல் ஒன்றிப்பு நடுவர் குழு தேர்ந்தெடுத்த படம் விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்'. தோக்கியோ நகரின் பொதுக் கழிவறைகளைக் கழுவும் ஹிராயாமா என்ற நடுத்தர வயது மனிதரின் அன்றாடமே கதை. கோஜி யாக்குஷோ அதில் நடித்து, கான் விழாவின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். விடியலில் தெருப் பெருக்கும் ஓசையில் ஹிராயாமா கண் விழிக்கிறார். செடிகளுக்கு நீர் தெளிக்கிறார். பழைய ஒலிநாடாக்களைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார். மதிய உணவின்போது மரங்களின் ஊடே விழும் வெளிச்சத்தைப் படமெடுக்கிறார். இலைகளின் வழியே அசைந்து இறங்கும் அந்த வெளிச்சத்திற்கு ஜப்பானிய மொழியில் 'கொமொரேபி' என்று பெயர். காப்பித் தோட்டத்தில் வேலை செய்வோர் அந்த வெளிச்சத்தில்தான் நாள் முழுதும் நிற்கிறார்கள். பருவம் பார்த்து நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுவதே அளவான வெளிச்சம் காப்பிச் செடிக்குக் கிடைப்பதற்காகத்தான்.

உலகெங்கும் விமர்சகர்கள் அப்படத்தை எளிமையின் பெருமை என்று கொண்டாடினார்கள். அதைப் பற்றி எழுதுமுன், நம் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மையாரோடு சேர்ந்து பார்க்க விரும்பினோம். ஊரில் உள்ள விடுதி ஒன்றில் துப்புரவுப் பணி செய்பவர். மே மாதச் சுற்றுலாக் கூட்டத்தில் நாளொன்றுக்கு எத்தனை அறைகளைக் கழுவ வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும். ஒரு மாலை வேலை முடிந்து வந்தவர், நம் வீட்டுக் கூடத்தில் தரையில் அமரப் போனார். நாற்காலியில் அமரவைக்கவே சற்று நேரம் ஆயிற்று. நாமே உரையாடல்களைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹிராயாமா பேசுவதே குறைவு.

கழிவறைகளைப் பார்த்ததும் அந்த அம்மையார் சிரித்துவிட்டார். "கழுவறதுக்கு முன்னாடியே கழுவி வச்ச மாதிரி இருக்குதுங்களே சார்" என்றார். ஷிபுயா பகுதியில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த பதினேழு கழிவறைகளை வைத்தே அப்படம் தொடங்கியது என்பதையும், அவற்றைக் காட்டுவதற்கென்றே வெண்டர்ஸ் அழைக்கப்பட்டார் என்பதையும் சொன்னோம். "அதானே பார்த்தேன்" என்று தலையசைத்தார். ஹிராயாமா சிறு கண்ணாடி ஒன்றைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியையும் பார்த்துத் துடைப்பதைக் கண்டபோது மட்டும் சிரிப்பு நின்றது. "வேலைக்காரருதான்" என்று மெல்லச் சொன்னார். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவருக்கு அளிக்கும் பட்டம் அது; கான் விருதுக்கு அது குறைந்ததன்று.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கழிவறையில் அழுதுகொண்டிருக்கும் சிறுவன் ஒருவனை ஹிராயாமா கையைப் பிடித்து வெளியே அழைத்து வருகிறார். தேடி வந்த தாய் பிள்ளையை வாங்கிக்கொள்கிறாள். அவருக்கு நன்றி சொல்வதில்லை; முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ஈரத்தாள் எடுத்து, அவர் பிடித்திருந்த பிள்ளையின் கையைத் துடைக்கிறாள். சில நொடிகளில் கடந்துபோகும் காட்சி. நாம் படித்த விமர்சனங்கள் பலவற்றில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அம்மையார் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இது அங்கேயும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அங்கு இருப்பதும் இங்கு இருப்பதும் ஒன்றா என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். இங்கே கையைத் துடைப்பதற்குப் பின்னால் பிறப்பு இருக்கிறது, தலைமுறைகள் இருக்கின்றன, ஆலயத்திலும் கல்லறையிலும்கூட நம் கிறிஸ்தவ மக்கள் நடுவே கட்டப்பட்ட சுவர்கள் இருந்திருக்கின்றன. ஆனால் அந்த அம்மையாரின் கேள்வியில் ஆராய்ச்சி எதுவும் இல்லை. தம் வாழ்வில் தமக்கு மட்டுமே நேர்ந்ததாக எண்ணியிருந்த ஒன்று, கடல் கடந்த ஊரில் முகம் தெரியாத ஒருவருக்கும் நேர்வதைக் கண்ட வியப்பு அது. சற்று நேரம் கழித்து, "அந்த ஆளு கோவிச்சுக்கவே இல்லை பாருங்க. பிள்ளை திரும்பிப் பார்த்துக் கையசைச்சதே போதும்னு நின்னுட்டாரு" என்றார்.

படம் முடிந்தபின் எழுந்துகொண்டே வேறொரு கேள்வி கேட்டார். "அவருக்குச் சம்பளம் எவ்வளவுங்க சார்? படத்துல சொல்லவே இல்லையே."

உண்மைதான்; படம் சொல்லவில்லை. உடன் வேலை செய்யும் இளைஞன் திடீரென நின்றுவிட, ஹிராயாமா இரண்டு ஆள் வேலையைச் செய்து களைத்து, தொலைபேசியில் ஒரே ஒருமுறை குரலை உயர்த்துகிறார். மகிழுந்தில் வந்திறங்கும் தங்கையைப் பார்த்தால், அவர் செல்வக் குடும்பத்தில் பிறந்து இவ்வாழ்வைத் தாமே தெரிந்துகொண்டவர் என்றும் ஊகிக்கலாம். தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்தவரின் எளிமை வேறு. வேறு வழியின்றி வந்தவரின் எளிமை வேறு. அசிசியின் பிரான்சிஸ் துறந்த ஆடையை நாம் போற்றுகிறோம். துறப்பதற்கு ஆடையே இல்லாதவரிடம் அதைப் போதிக்கலாமா? இக்கேள்வியை, விடுதித் துப்புரவாளர் ஒருவர் சம்பளக் கணக்காக எழுப்பிவிட்டார்.

நம் தமிழ்நாட்டில் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-இல் வெளிவந்தது. மனிதக் கழிவைக் கையால் அள்ளும் வேலையைத் தடைசெய்து 2013-இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், அவ்வேலை நம் ஊர்களில் தொடர்ந்ததை முகத்துக்கு நேரே காட்டிய படம் அது. அதில் கொமொரேபி இல்லை. பார்ப்பவர்க்கு அமைதி தருவதும் அதன் நோக்கமன்று. அதைத் திரையிடுவதற்கே தடைகள் எழுந்தன. இயக்குநர் மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தைப் பாராட்டுகிற தமிழர் எவரும் 'கக்கூஸ்' படத்தையும் பார்த்துவிட்டுப் பாராட்டுவது நலம். ஒன்று உழைப்பாளியின் உள்ளத்தில் இருக்கும் ஒளியைக் காட்டுகிறது. மற்றது அவர் நிற்கும் குழியைக் காட்டுகிறது. ஒளியை மட்டும் காட்டினால் குழி மறந்துபோகும். குழியை மட்டும் காட்டினால் அதில் நிற்பவர் நம்மைப் போல் பாட்டு கேட்பவர், செடி வளர்ப்பவர், அழுபவர் என்பது மறந்துபோகும்.

வரவு செலவு கேட்ட பெரியவருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுதான். தொலைநாட்டுப் படத்தைப் பற்றி எழுதுவது, வாசகர் அதைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டுமன்று. இப்போது இணையவழித் தளங்களில் இவற்றுள் சில கிடைக்கின்றன, விரும்புவோர் பார்க்கலாம். நமது கடமை அதற்கும் முந்தியது. கண்டவர் கண்டதைச் சொல்ல வேண்டும். சான்று பகர்தல் என்று நம் மரபில் இதற்குப் பெயர். சான்று சொல்பவர் தம் சொல்வன்மையைக் காட்ட வருவதில்லை, இல்லாததைச் சேர்ப்பதில்லை, இருப்பதை மறைப்பதில்லை. சில வேளைகளில் தமக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தாய் பிள்ளையின் கையைத் துடைத்ததைக் கண்டவர் அம்மையார்; எழுதியவர்கள் மட்டுமே நாம்.

நம் பங்குகளில் பொதுநிலையினர் இதை எளிதாகச் செய்யலாம். பெரிய திரையும் சங்கமும் வேண்டியதில்லை. ஆண்டுக்கு நான்கு படங்கள் போதும். கல்வி கற்றோர் மட்டும் கூடிக் கலை நயம் பேசாமல், படம் யாரைப் பற்றியதோ அவர்களை அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். செவிலியர் இருவரின் வாழ்வைச் சொல்லி 2024-இல் கான் விழாவின் கிராண்ட் பிரீ விருதை வென்ற பாயல் கபாடியாவின் படத்திற்கு, மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வரும் நம் பெண்களை அழையுங்கள். அதில் செருமனியிலிருக்கும் கணவன் கடிதம் எழுதாமல் ஒரு சோறு வடிக்கும் மின்பாத்திரத்தை மட்டும் அனுப்பிவைக்க, அந்தப் பெண் இரவில் தனியே அதைக் கட்டித் தழுவிக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து பொருள் மட்டும் வந்து சேர்ந்த வீடுகள் நம்மிடையே எத்தனை! அந்தப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். பேச்சு படத்தைவிட்டு வாழ்க்கைக்குப் போய்விட்டால் தடுக்காதீர்கள். படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

அந்த அம்மையாரின் சம்பளக் கேள்வி நம்மைவிட்டு இன்னும் போகவில்லை. மறுவாரம் விடுதியின் மேலாளரைச் சந்தித்தபோது, கையுறையும் காலணியும் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒழுங்காக வழங்கப்படுகின்றனவா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்தோம். அவர் சற்று வியப்போடு, "திடீரென்று இதை ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். ஒரு ஜப்பானியப் படம் பார்த்தோம் என்று சொன்னோம்.